வேகவைத்த இறாலும் பின் கார்த்திகையும்

“நான் வேக வெச்ச எறாவை வேணாம்னு சொல்ற ஆளு இந்தச் சித்தூர் ஜில்லாவுலயே கிடையாது. இனிமே ஒருத்தன் பொறந்து வந்தாத்தான் உண்டு!”

திருத்தணி ரயிலடியில் குதிரை வண்டிக்காரர்களையும் ஒரு வெற்றிலைக்காரியையும் சாட்சியாக வைத்துக்கொண்டு பெருமாள் இந்தப் பிரகடனத்தைச் செய்தார். சாட்சிகளில் ஒருவர்கூட அவர் வேகவைத்த இறாலைத் தின்றதில்லை. அதனால் மறுப்புச் சொல்ல யாருமில்லை. தின்றவர்கள், அதாவது அவருடைய சொந்தக்காரர்கள், அந்த நேரத்தில் அவரவர் ஊரில் நிம்மதியாக இருந்தார்கள்.

பெருமாளின் வரலாற்றை எழுதப் புகுமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் கெட்டவர் அல்லர். பொய் சொல்லமாட்டார், சீட்டாடமாட்டார், யார் வீட்டுக் காரியமென்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பார். வந்து நிற்பதுதான் தொல்லை. வரும்போது கையில் டேக்சா என்கிற அகல வாய் அலுமினியப் பாத்திரமும் வரும்.

பிறந்த ஊர் திருவாலங்காடு. அப்பன் பாட்டன் காலத்தில் தறி நெய்த குடும்பம். பிறகு தறியை விட்டு ஏரைப் பிடித்தது. பெருமாளுக்குத் தறிக்குழியில் கால் மரத்தது, சேற்றில் கால் வழுக்கியது. இரண்டுக்கும் உதவாத கால்களோடு அரக்கோணத்துக்கு நடந்தார். அங்கே என்ஜின் டிரைவர்கள் தங்கி இளைப்பாறும் ரன்னிங் ரூமில் சட்டி கழுவச் சேர்ந்து, காய் நறுக்கி, வெங்காயம் உரித்து, ஒருநாள் சமையற்காரரே ஆகிவிட்டார். வேலை அரக்கோணத்தில், குடும்பம் திருத்தணியில். போக வர ரயில் இருந்தது. ரயில்வேக்காரர் என்பதால் அது அவருடைய சொந்த ரயில் மாதிரி.

அந்த ரன்னிங் ரூமில்தான் ஒரு வெள்ளைக்கார டிரைவர் அவருக்கு இறால் வேகவைக்கக் கற்றுக்கொடுத்தார். அந்த வித்தையின் விவரம் இவ்வளவுதான்: தண்ணீரைக் கொதிக்க வை, உப்பு, மிளகு, ஒரு பிரிஞ்சி இலை போடு, இறாலை ஓட்டோடும் தலையோடும் போடு, எடு. மஞ்சள் இல்லை, மிளகாய் இல்லை, புளி இல்லை. தொட்டுக்கொள்ள ஒரு சாறு. சீமைத் தக்காளியை வேகவைத்து மசித்து, அரைத்த கடுகும் கொஞ்சம் வெல்லமும் கலந்து, கள்ளைப் புளிக்கவைத்து எடுத்த காடியை ஊற்றினால் அது ‘சாஸ்’. பெருமாள் வாயில் அது ‘சாசு’ ஆயிற்று.

டிரைவர்கள் அதைத் தின்றுவிட்டுப் பிரமாதம் என்றார்கள். குண்டக்கல்லிலிருந்து நெருப்புக்கு முன்னால் வெந்துகொண்டே வந்து இறங்கிய மனிதன் முன்னால் வெறும் தட்டை வைத்தாலும் பிரமாதம் என்றுதான் சொல்வான். இது பெருமாளுக்குப் புரியவில்லை. பசியை எல்லாம் தமக்குக் கிடைத்த பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

அன்று முதல் அவருடைய சுற்றத்தாருக்குப் பிடித்தது சனி. காது குத்தா, பெருமாள் வருவார். மஞ்சள் நீராட்டா, டேக்சா வரும். கிடா வெட்டி ஊரே மணக்கும் வீட்டில்கூட, கறிக்கு முன்னால் இலையில் நாலு இறால் மீசையோடு வந்து படுக்கும். பக்கத்தில் ஒரு தொன்னையில் சிவப்பாகச் சாசு.

“சாதத்தோட பெசையக் கூடாது. மொதல்ல இதைத் தின்னுட்டு அப்புறம் சாதம்” என்று பெருமாள் பந்தியின் தலைமாட்டில் நின்று காவல் காப்பார்.

“குழம்பு ஊத்தினாதானே பாவா தொண்டையில எறங்கும்?” என்பான் சிவப்பிரகாசம். இவன் பெருமாளின் மனைவி சுலோச்சனாவின் தம்பி. கேட்பதற்கென்றே கடவுள் படைத்த வாய் அவனுடையது.

“குழம்புல போட்டா அது குழம்பு. எறா எங்க போச்சு? எறாவோட ருசி எறாவுல இருக்கணும்டா மச்சான்.”

“உரிக்கிற வேலையைக்கூட விருந்தாளி தலையில கட்டறீங்களே, அப்போ எச்ச எலையையும் நாங்களே எடுத்துடலாமா?”

“ஓட்டோட வெந்தாத்தான் சாறு உள்ள நிக்கும். அருவா மாதிரி வளைஞ்சா எறக்கணும். வளையல் மாதிரி சுருண்டுச்சின்னா தூக்கிப் போடணும். இது தெரியுமா உனக்கு?”

சிவப்பிரகாசத்துக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. ஆனாலும் தின்றான். எல்லோரும் தின்றார்கள். காரணம், பெருமாள் நகரமாட்டார். இலை காலியாகும்வரை அந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பார். தேர்வு எழுதிவிட்டு முடிவு கேட்க வந்த பையன் மாதிரியான முகம். அதைப் பார்த்துக்கொண்டே வேண்டாம் என்று சொல்லும் கல்நெஞ்சம் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் இல்லை. இந்த இரக்கத்தை அவர் ருசி என்று எண்ணிக்கொண்டார். ரயிலடிப் பிரகடனம் பிறந்த கதை இது; சொந்தக்காரர்களுக்கும் அது மனப்பாடம்.

சுலோச்சனா மட்டும் வெளிப்படையாகச் சலித்துக்கொள்வாள். “உலகத்துல புளின்னு ஒரு பண்டம் கீது, மொளகான்னு ஒண்ணு கீது. இந்த மனுசனுக்கு மட்டும் ஆண்டவன் காட்டவே இல்லை” என்று அடுப்பங்கரைச் சுவரிடம் சொல்வாள். சுவர் ஒப்புக்கொள்ளும்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். ஆனால் யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு வருஷம் வைகாசியில், பெருமாளின் ஒரே மகள் அம்சாவை அம்மையார்குப்பத்தில் கொடுத்தார்கள். மாப்பிள்ளை சுப்பிரமணி தறி நெய்பவன். அதிகம் பேசமாட்டான். அவன் பேசாமல் சேர்த்து வைத்ததை எல்லாம் அவனுடைய அம்மா சின்னம்மாள் பேசிச் செலவழிப்பாள்.

கல்யாணம் முடிந்து கறி விருந்து. சம்பந்தி வீட்டார் பந்தியில் உட்கார்ந்தார்கள். இறால் வந்தது.

“இன்னாது, எறாவுக்கு மீசைகூட வழிக்கலையா?” என்றாள் சின்னம்மாள். அதையும் பொறுத்துக்கொண்டு ஒன்றை உரித்தாள். உரித்ததைச் சாசில் தோய்த்து வாயருகே கொண்டுபோனாள். அங்கேதான் விதி உட்கார்ந்திருந்தது. காடி மூக்கில் ஏறியது. கள்ளுக்கடை இருக்கும் தெருவில்கூடக் கால் வைக்காத பரம்பரை அவளுடையது. முகம் கறுத்தது. தொன்னையை ஒரு விரலால் அப்பால் தள்ளினாள். சாதத்தை மட்டும் இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு கை கழுவினாள். வண்டியில் ஏறும்போதுதான் வாயைத் திறந்தாள்.

“சம்பந்தி விருந்துல கள்ளு ஊத்தற ஊட்டை இப்பத்தான் பாக்கறேன்.”

“ஐயோ, அது கள்ளு இல்லைம்மா, காடி!” என்று வண்டிக்குப் பின்னாலேயே ஓடினார் பெருமாள்.

“காடி எதுல இருந்து வருது?”

பெருமாள் பொய் சொல்லாதவர் என்று முன்பே சொன்னோம். “கள்ளுல இருந்து” என்றார். வண்டி போய்விட்டது.

“வேணாம்னு சொல்லலையே. ஒண்ணு உரிச்சாங்களே” என்று அன்று சாயங்காலம் அவர் மனைவியிடம் வாதாடினார். சுலோச்சனா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். வைக்காமல் சொல்லியிருந்தால் அவருடைய வரலாறு அங்கேயே முடிந்திருக்கும்.

அம்சா புருஷன் வீட்டுக்குப் போனாள். மாமியார் வாயால் நாள்தோறும் காடி கதை கேட்டாள். ஆடி பிறந்ததும் வழக்கப்படி தாய் வீட்டுக்கு வந்தாள். ஆடியில் மாப்பிள்ளையை அழைத்து விருந்து வைக்க வேண்டும். ஆவணியில் மாமியார் வந்து மருமகளை அழைத்துப்போக வேண்டும். ஆனால் அம்மையார்குப்பத்திலிருந்து வந்த வண்டிக்காரன் சின்னம்மாள் சொல்லியனுப்பியதை அப்படியே ஒப்பித்தான்.

“எம் புள்ள வருவான். வயிறார சாப்ட்டு, வாய் நெறைய சிரிச்சுகினு திரும்பி வரட்டும். அப்புறம் நானே வண்டி கட்டிகினு வந்து மருமகளைக் கூட்டிகினு போறேன். வயிறு காஞ்சு வந்தான்னா, பொண்ணு அங்கேயே இருக்கட்டும்.”

அம்சா அதைக் கேட்டுக்கொண்டு கொல்லைக்குப் போனாள். அன்று முழுக்க ஒரே கொடியில் ஒரே புடவையைக் காயப்போட்டு எடுத்து, மறுபடி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“நைனா” என்றாள் கடைசியில். “இந்த ஒரு வாட்டி சாம்பார் வெச்சா போதும் நைனா.”

“மாப்பிள்ளைக்கு மொத ஆடி விருந்து. சாம்பாரா?” பெருமாள் பதறிப்போனார். “தப்பு எறா மேல இல்லைம்மா. காடி மேல. காடியை எடுத்துட்டா தப்பும் போச்சு.”

இப்படியாக, தம் வாழ்நாளில் முதல்முறையாகப் பெருமாள் சாசின் சேர்மானத்தில் கைவைத்தார். காடிக்குப் பதில் எலுமிச்சம்பழம் பிழிந்தார். புளிப்பு பற்றவில்லை. கொஞ்சம் மாங்காயை வேகவைத்து மசித்துச் சேர்த்தார். உப்பாகத் தோன்றியது; வெல்லம். இனிப்பாகத் தோன்றியது; கடுகு. காரம் வேண்டியிருந்தது. வீட்டில் யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு பச்சைமிளகாயையும் அரைத்துப் போட்டார். சுலோச்சனா பார்த்துவிட்டாள். பார்க்காத மாதிரி மூக்கை மட்டும் ஒருமுறை உறிஞ்சிக்கொண்டு போனாள். மிளகாய் வாசனைக்கு ஏங்கிய அந்த மூக்குக்கு அதுவரை அந்த வீட்டில் இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

அந்த வருஷம் ஆடி மாதத்தில் கார்த்திகை நட்சத்திரம் இரண்டு முறை வந்தது: முன் கார்த்திகை, பின் கார்த்திகை. மலைமேல் முருகனுக்குத் திருவிழா முதலாவதிலேயே நடந்தது. காவடிகள் வந்தன, அரோகரா மலையை அதிரவைத்தது, கூட்டம் கலைந்தது, தோரணத்தை அவிழ்த்தார்கள். அதுவரை விரதமாக இருந்த பெருமாள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டுத்தலை வாங்கி விரதத்தை முறைப்படி முடித்துக்கொண்டார். அதற்கடுத்த ஞாயிறு மாப்பிள்ளை விருந்து.

காலைப் பாசஞ்சரில் ஜலால் வந்து இறங்கினான். பெருமாளின் கூட்டாளி, அரக்கோணத்தில் ரயில் என்ஜின் பழுதுபார்க்கும் லோகோ ஷெட்டில் ஃபிட்டர். பட்டணத்துக்குப் போய், மரத்தூளும் பனிக்கட்டியும் போட்ட சாக்கில் இறாலைச் சுமந்து வந்திருந்தான்.

“அண்ணே, ஒவ்வொண்ணும் எங்க ஃபோர்மேன் மீசை கணக்கா கீது பாரு.”

“நீயும் இருந்து சாப்ட்டுட்டுப் போ ஜலால்.”

“எங்க மார்க்கத்துல எறா திங்கலாமா கூடாதான்னு எனக்கும் எங்க மாமனாருக்கும் பத்து வருசமா வாய்தா நடந்துகினு கீது. ஊர்ல அவுரு இல்லாத நாளாப் பாத்துத்தான் திங்கறது. இன்னிக்கு வந்து கீறாரு. டேக்சாவைத் தூக்கி எறக்கத்தான் நிக்கறேன்.”

திருவாலங்காட்டுச் சொந்தம் எல்லாம் வந்து கூடத்தில் நிறைந்தது. மாப்பிள்ளைக்குத் துணையாகப் பந்தியில் உட்காருவதற்கு வந்தவர்கள். வழக்கம்போல் முகத்தைத் தயார் செய்துகொண்டுதான் வந்தார்கள். ஆனால் அடுப்பங்கரையிலிருந்து வந்த வாசனை வழக்கமான வாசனை அல்ல. எலுமிச்சை, மாங்காய், பச்சைமிளகாய், கடுகு எல்லாம் சேர்ந்து ஒரு கிறுகிறுப்பு. சிவப்பிரகாசம் இரண்டு முறை உள்ளே எட்டிப் பார்த்தான்.

“பாவா, இன்னிக்கு வேற யாராவது சமைக்கிறாங்களா?”

“நான்தாண்டா.”

“நம்ப முடியலையே.”

சுப்பிரமணி வந்தான். வெள்ளை வேட்டி, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. கும்பிட்டான். உட்கார்ந்தான். சின்னம்மாளுக்குப் பிறந்தவன்தானா என்று சந்தேகம் வரும்படி சும்மா இருந்தான்.

இலை போட்டார்கள். மாப்பிள்ளை இலையில் முதல் கை பெருமாளுடையது. வரிசையாக இறால். ஒவ்வொன்றும் அரிவாள் போல வளைந்து, செக்கச் செவேலென்று, ஓட்டுக்குள் சாறு நிற்க. அவர் வேகவைத்ததிலேயே அதுபோல அதற்குமுன் அமைந்ததில்லை. பக்கத்தில் தொன்னை நிறையச் சாசு.

“சாப்பிடுங்க மாப்பிள்ளை. மீசையைப் பாத்து மலைக்காதீங்க. தலையைத் திருகினா கையோட வந்துடும்.”

சுப்பிரமணி இலையைப் பார்த்தான். மாமனாரைப் பார்த்தான். மறுபடி இலையைப் பார்த்தான்.  குனிந்தபோது சட்டைக்குள்ளிருந்து ஒரு மணிமாலை எட்டிப் பார்த்தது. கதவோரம் நின்ற அம்சா அதைக் கண்டுவிட்டாள்.

“அம்மா, அவரு மாலை போட்டுகினு கீறாரு!”

“இன்னாடி ஒளர்ற? கார்த்திகைதான் வந்து போயிடுச்சே” என்றாள் சுலோச்சனா. மெதுவாகச் சொன்னதாக அவள் எண்ணம். கூடம் முழுக்கக் கேட்டது.

சுப்பிரமணி வாயைத் திறந்தான். “எங்க ஊட்ல பின் கார்த்திகைங்க மாமா. தறிக்காரங்க எல்லாருமே அப்படித்தான். அடுத்த வாரம் காவடி எடுக்கறேன். நூலு கெடைக்காம தறி நின்னு போச்சில்ல, அம்மா வேண்டிகினாங்க. வேண்டின பிறகுதான் நூலு வந்துது.”

அவன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுவே முதல்முறை.

“முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா மாப்பிள்ளை?” என்றார் பெருமாள்.

“முருகன் காலடியிலயே இருக்கிறவங்க. உங்களுக்குத் தெரியாததா? விரதம்னு தெரிஞ்சுதான் கூப்புடறீங்கன்னு நெனச்சேன்.”

“முருகன் காலடியிலதான் தோரணத்தையே அவுத்துட்டாங்களே!”

இருவர் சொன்னதும் நியாயம். இரண்டு நியாயங்களுக்கு நடுவில் இறால் ஆறிக்கொண்டிருந்தது.

“என்ன பாவா, ஆளு பொறந்து வந்தாச்சு போல கீதே” என்றான் சிவப்பிரகாசம். அவனுடைய அக்கா பார்த்த பார்வையில் மீதி வாக்கியம் வெந்துபோயிற்று.

கதவோரத்தில் அம்சா முந்தானை நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளை ஒருமுறை சுப்பிரமணி பார்த்தான். இலையை விட்டு எழுந்தால் வயிறு காய்ந்துபோன கதை அம்மையார்குப்பம் போகும். அம்சா இங்கேயே கிடப்பாள். தின்றால் வேண்டுதல் போகும். நூல் போனாலும் போகும். அவன் எதையோ தீர்மானித்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தான். வலது கையை மெல்ல இலைமேல் கொண்டுபோனான். விரல்கள் இறாலுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றன.

பெருமாள் அந்தக் கையைப் பார்த்தார். எத்தனையோ பந்திகளின் தலைமாட்டில் நின்றவர். இலையில் இறங்கும் ஒரு கையை அதுவரை அவர் சரியாகப் பார்த்ததே இல்லை. பார்த்ததெல்லாம் இறாலை.

சட்டென்று குனிந்து மாப்பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்தார்.

“இருங்க மாப்பிள்ளை. தொடாதீங்க.”

இலையை இறாலோடும் தொன்னையோடும் அப்படியே தூக்கினார். பந்தியைப் பார்த்துச் சொன்னார்: “நம்ம ஊட்லயும் பின் கார்த்திகைதான். ஞாபகம் இல்லாம அடுப்பு மூட்டிட்டேன். எல்லாரும் மன்னிக்கணும். எல்லா இலையும் எடுங்க.”

கூடத்தில் ஒரு முனகல் எழுந்தது. வருஷக்கணக்காக அந்த இறாலிடமிருந்து தப்பிக்க வழி தேடிய கூட்டம் அது. முதல்முறையாகத் தின்ன ஆசைப்பட்டு உட்கார்ந்த அன்றைக்குத்தான் இலை போகிறது.

“போன வாரம் ஆட்டுத்தலை தின்னீங்களே பாவா?” என்றான் சிவப்பிரகாசம். அழாத குறை.

“தெரியாம தின்னது” என்றார் பெருமாள். பொய்யே சொல்லாத மனிதர். பழக்கமில்லாததால் காது மடல் சிவந்துவிட்டது.

அதற்குப் பிறகு பேச நேரமில்லை. கூடத்தைக் கழுவித் தள்ளினார்கள். பக்கத்து வீட்டு வள்ளியம்மாள் மாதம் முழுக்கச் சைவம் இருப்பவள். அவள் வீட்டுப் பானையிலிருந்து சோறும், கத்தரிக்காய்க் கூட்டும், ரசமும், மோரும் வந்தன. எதிர்வீட்டிலிருந்து நார்த்தங்காய். ஆளுக்கு ஒரு கை கொடுத்து அப்பளம் பொரித்தார்கள். புது இலை விரித்து மாப்பிள்ளையை உட்காரவைத்தார்கள். காவல் நிற்கும் வேலை இல்லாததால் பெருமாளும் முதல்முறையாகப் பந்தியில், மாப்பிள்ளைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

சுப்பிரமணி தின்றான். தறிக்காரன் பசி. ரசத்துக்கு இரண்டு முறை சோறு கேட்டான். மூன்றாவது முறை அம்சாவே வந்து பரிமாறியபோது, “ரயில்ல எறாவுக்கு டிக்கெட் எடுத்தாங்களா?” என்று மெதுவாகக் கேட்டான். அவள் சிரித்தாள். அவனும் வாய் நிறையச் சோற்றோடு சிரிக்க, புரையேறிவிட்டது.

“மெதுவா மாப்பிள்ளை, மெதுவா” என்று பெருமாள் முதுகைத் தட்டினார்.

“அம்மாவை வண்டி கட்டச் சொல்றேன் மாமா. காவடி முடியட்டும்” என்றான், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

பின்வாசலில் ஜலால் இறாலை அரக்கோணத்து டிரைவர்களுக்குக் கொண்டுபோக டேக்சாவைத் தூக்கிக்கொண்டு கிளம்ப நின்றான். அவனைச் சிவப்பிரகாசம் வழிமறித்தான். மூடியைத் திறந்து, ஒரு தட்டில் இரண்டு இறாலை எடுத்து, ஓரத்தில் கொஞ்சம் சாசு விட்டுக்கொண்டு, முதுகை வளைத்துப் பெருமாளின் காதருகே வந்தான்.

“பாவா, மாப்பிள்ளை அந்தப் பக்கம் பாத்துகினு கீறாரு. ஒண்ணே ஒண்ணு. நான் தின்னு பாத்தேன். சத்தியமா சொல்றேன், தேவாமிர்தம். நீங்க வேக வெச்சதை நீங்க ருசி பாக்க வேணாமா?”

பெருமாள் தட்டைப் பார்த்தார். இறாலின் வளைவைப் பார்த்தார். ஓட்டின் ஓரத்தில் சாறு மினுங்கியது.

உள்ளங்கையை விரித்து இலைக்குக் குறுக்கே வைத்துக்கொண்டார்.

“வேணாம்ப்பா” என்றார். “கொஞ்சம் மோர் ஊத்து.”